யானையின் வயிற்றில் பிஸ்கட் உறை: வாசகர் கேள்வி – பதில்

கழிவுப் பொருட்களைக் கொண்டு சிற்பம் செய்வது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வன்னியின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இங்கே இடம் போதாது. ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

முள்ளியவளையிலிருந்து ஒரு தாய்: ரீச்சர், மகன் தரம் 6 படிக்கிறான். சுற்றாடல் தினத்துக்குக் கழிவுப் பொருளில் கைவினை செய்து வரச் சொன்னார்கள். வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை. கடையில் புதுப் பிளாஸ்டிக் கப்பும் ஸ்ட்ரோவும் வாங்கிக் கொடுத்தேன். பூங்கொத்து வடிவாக வந்தது, பரிசும் கிடைத்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை. நான் செய்தது சரியா?

மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே தங்கச்சி, அதுதான் சரி. புதுக் கப்பை வாங்கி வெட்டிப் பூச்செய்தால் நாட்டில் ஒரு குப்பை கூடுகிறதே தவிர, குப்பையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவருவதில்லை. அதோடு, ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் கப், தட்டு, கரண்டி, ஸ்ட்ரோ எல்லாம் 2023 ஒக்ரோபர் 1ஆம் திகதியிலிருந்து இலங்கையில் தடைசெய்யப்பட்டவை. கடையில் பழைய சரக்கு கிடக்கலாம். அதைப் பிள்ளையின் கையில் கொடுத்துச் சுற்றாடல் தினத்துக்கு அனுப்ப வேண்டாம்.

போட்டிக்குப் புள்ளி போடும் முறையும் மாற வேண்டும். வடிவுக்கு மட்டும் புள்ளி போட்டால் தாய்மார் கடைக்குத்தான் போவார்கள். “இது எங்கே கிடந்தது, யார் பாவித்தது, எத்தனை நாளில் இவ்வளவு சேர்ந்தது” என்று பிள்ளையிடம் கேட்டு, அதற்கும் புள்ளி போட வேண்டும். ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள்.

வீட்டில் ஒன்றும் அகப்படவில்லை என்கிறீர்கள். ஒரு கிழமைக்கு எதையும் எறியாமல், பின்வளவில் எரிக்காமல், கழுவிக் காயவைத்து ஒரு உரப் பைக்குள் போட்டு வையுங்கள். பால்மா பைக்கற்று, சம்போ பைக்கற்று, பிஸ்கட் உறை, யோகட் கோப்பை, லஞ்ச் சீட், சொப்பிங் பை, பேனை மூடி என்று கிழமை முடிவில் அந்தப் பையைக் கட்ட முடியாமல் இருக்கும். மகனுக்கான பொருள் அதுதான்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் இப்படிச் சேர்த்து ஒரு யானை செய்தார்கள். கால்களுக்குக் கட்டட வேலையில் மிஞ்சிய கம்பி. உடம்புக்குக் கோழிக்கூட்டு வலை. தும்பிக்கைக்கு வெடித்துப்போன தண்ணீர்ப் பம்புக் குழாய். காதுக்குக் கிழிந்த தறப்பாள், அதில் நிவாரண எழுத்து அரைகுறையாகத் தெரிந்தபடியே இருந்தது. வயிற்றை மட்டும் மூடவில்லை. வலைக்குள்ளே பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கி எறிந்த உறைகளை நிரப்பினோம். மேலே வர்ணம் பூசலாமே என்று ஒருவர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வர்ணம் பூசினால் அது ஒரு பொம்மை யானையாகிவிடும். பூசாமல் விட்டதால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் வந்து, வலைக் கண்ணுக்குள் விரலை விட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “இது நான் சாப்பிட்டது, இது அண்ணா சாப்பிட்டது” என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அப்புறம் அதிபர் சிற்றுண்டிச்சாலைக்காரருடன் கதைத்தார். கச்சானும் கடலையும் பழைய கொப்பித் தாளில் சரை செய்து விற்கத் தொடங்கினார்கள். பிஸ்கட் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது.

யானையை நாங்கள் சும்மா எடுக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் திறந்த குப்பைமேடு இருக்கிறது. அங்கே வந்து பிளாஸ்டிக்கோடு சாப்பாட்டுக் கழிவைத் தின்ற யானைகள் எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 இறந்துவிட்டதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர்கள் வயிற்றுக்குள் பொலித்தீனையும் சாப்பாடு சுற்றிய உறைகளையும் கண்டார்கள். யானை வரும் ஊர்களில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

முல்லைத்தீவிலிருந்து ஒரு கடற்றொழிலாளியின் மகன்: கரையில் அறுந்த வலை, கயிறு, உடைந்த மிதப்பு நிறையக் கிடக்குது ரீச்சர். அதில் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம் தம்பி, உங்களைப் போன்றவர்கள்தான் செய்ய வேண்டும். கடலில் அறுந்து போன வலை சும்மா இருப்பதில்லை. நைலோன் உக்காது. ஆள் இல்லாமலே அது மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். மூச்செடுக்க மேலே வர முடியாமல் ஆமை அதற்குள்ளேயே சாகும்.

அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே ரொறஸ் நீரிணையில் ஏருப் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அந்தத் தீவின் பழங்குடிக் கலைஞர்கள் கரையொதுங்கும் இப்படிப்பட்ட வலைகளைக் கொண்டே ஆமை, சுறா, மீன் என்று பெரிய உருவங்கள் பின்னுகிறார்கள். உலகத்தின் பெரிய காட்சிக்கூடங்களுக்கெல்லாம் அவை போயிருக்கின்றன. அவர்களிடம் இருக்கிற கைத்தொழில் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. வலை பொத்துகிற ஊசியைப் பிடிக்கத் தெரிந்த ஒரு அப்புவோ பெரியப்பாவோ இல்லாத கடற்கரை வீடு முல்லைத்தீவில் உண்டா? அவரைக் கூப்பிடுங்கள். வாடிக்குப் பக்கத்தில் இருந்து அவர் முடிச்சுப் போட, நீங்கள் பார்த்துப் பழகுங்கள்.

ஆமையே செய்யுங்கள். முதலில் வலையை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்புப் போக அலச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற கம்பி சீக்கிரம் கறள் பிடித்துவிடும். மணலும் சிப்பியும் ஒட்டியிருந்தால் காயவைத்து உதறினால் விழும். ஓட்டுக்குக் கம்பியை வளைத்து ஆறு, ஏழு கட்டமாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிற வலை: பச்சை, நீலம், மங்கிய வெள்ளை. செம்மஞ்சள் கயிறு கிடைத்தால் அதைக் கட்டங்களின் ஓரத்துக்கு வையுங்கள், தூரத்தில் இருந்தே தெரியும். துடுப்புக்கால்களுக்குத் தங்கூசி வலையை இரண்டு மூன்று மடிப்பாக எடுத்தால் வெயிலில் மினுங்கும். உடைந்த மிதப்பில் தலை. ஒரு இடத்தில் மட்டும், கழுத்தில், வலையை உருவத்துக்குள் சேர்க்காமல் இறுக்கிச் சுற்றித் தொங்க விடுங்கள். பார்க்கிறவர்களுக்குப் பலகையில் எழுதி விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வைக்கும் இடத்தைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தோடு கதைத்து முடிவெடுங்கள். வலை இறக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பிரயோசனம். தொழிலாளிகளைக் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒரு வசனமும் எழுதக்கூடாது. வலை அறுந்தால் முதலில் நட்டப்படுவது அவர்கள்தான்.

கென்யாவில் லாமு தீவில் ஏறத்தாழ 10 தொன் பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பலகையாக்கி, பழைய பாய்மரக் கப்பல் கட்டும் தச்சர்களையே வைத்து ஒரு கப்பல் கட்டினார்கள். வெளிப்புறம் முழுக்க எறிந்த ரப்பர்ச் செருப்பின் துண்டுகள். 2019இல் அது லாமுவிலிருந்து சான்சிபார் வரைக்கும் ஓடிப்போனது. போகும் வழியில் ஊர் ஊராக நிறுத்திச் சனங்களோடு கதைத்தார்கள். ஊரின் பழைய கைத்தொழிலும் புதிய குப்பையும் ஒன்று சேர்ந்ததால்தான் அந்தக் கப்பல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் இளைஞர்: வெல்டிங் கடையில் வேலை. எங்கள் காணிப் பக்கம் பழைய இரும்பு நிறையக் கிடக்கிறது. அவற்றை எடுத்துப் பெரிய சிலை செய்ய ஆசை.

தம்பி, காணியில் கிடக்கிற இரும்பில் கை வைக்க வேண்டாம். போர்க்காலத்தில் வெடிக்காமல் போன குண்டாக இருக்கலாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதாது. மண்ணுக்குள் பாதி புதைந்த குழாய், தகரப் பெட்டி, உருண்டை, துடுப்பு வைத்த சாமான், எதுவானாலும் தொடாதீர்கள், உதைக்காதீர்கள், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு 119க்கு அறிவியுங்கள். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் சேர்ந்தது. வருடக்கணக்காக அகற்றும் வேலை நடந்தும், பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கையும் காலும் போனவர்களை வன்னியில் எல்லோருக்கும் தெரியும்.

சிலைக்கு இரும்பு வேண்டுமென்றால் கராஜில் கழற்றி எறிந்ததை வாங்குங்கள். சைக்கிள் செயின், பிறேக் டிஸ்க், இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பற்சில்லு, தேய்ந்த கலப்பைக் கொழு என்று எங்கே இருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிந்த சாமான் மட்டும். அதிலும் வாய் மூடிய குழாய், எண்ணெய்த் தாங்கி, காஸ் அடைத்த உருளை எதையும் சூடாக்கக்கூடாது. நாகம் பூசிய தகரத்தை வெல்டிங் செய்தால் வருகிற வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், திறந்த இடத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஊரில் துருப்பிடித்த இரும்பைப் பார்த்தால் சனங்களுக்குச் சுற்றாடல் மாசு ஞாபகம் வராது, வேறொன்றுதான் ஞாபகம் வரும். அதை மறைக்கவும் முடியாது, மறைக்கவும் வேண்டாம். மாசு பற்றித்தான் சொல்ல வேண்டும் என்றால் குளத்தில் கலக்கும் கழிவு எண்ணெய் போல உங்கள் கராஜ் தொழிலோடு சேர்ந்த ஒன்றை எடுங்கள். எண்ணெய் வடிகட்டிகளைக் கோத்து ஒரு கொக்குச் செய்யலாம். அதன் கால் நிற்கிற இடத்தில் ஒரு தட்டில் கறுத்த எண்ணெய் கொஞ்சம் இருந்தால் போதும்.

மல்லாவியிலிருந்து தரம் 10 மாணவி: பிளாஸ்டிக்கில் வர்ணம் ஒட்டுதில்லை ரீச்சர். உருக்கி ஒட்டலாமா?

உருக்க வேண்டாம் பிள்ளை. எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் சூடாக்கினால் நச்சுப் புகை வரும். அதிலும் தண்ணீர்க் குழாயும் வயர் உறையும் பிவிசி. அதை எரித்தால் ஐதரசன் குளோரைட் வாயுவும் டயொக்சினும் வரும். சித்திரப் பாடத்துக்காக ஒருவரும் அதைச் சுவாசிக்கக் கூடாது.

வர்ணமும் தேவையில்லை. போத்தல் மூடிகளை நிறம் நிறமாகப் பிரித்து வைத்தால் அதுவே வர்ணப் பெட்டி. ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டினால் துளை விழும், மெல்லிய கம்பியில் கோக்கலாம். கானாவில் பிறந்து நைஜீரியாவில் நீண்ட காலம் பணியாற்றிய எல் அனட்சூயி என்ற சிற்பி மதுப் போத்தல்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, மடித்து, செப்புக் கம்பியால் தைத்துச் சுவர் நிறையத் தொங்குகிற சேலைகள் போலச் செய்கிறார். அவர் அந்த மூடியை ஏன் எடுத்தார் தெரியுமா? ஐரோப்பியர் ஆபிரிக்காவுக்குக் கொண்டுவந்த சாராயமும் அடிமை வியாபாரமும் ஒன்றோடொன்று பிணைந்த கதை அந்த மூடிக்குள் இருக்கிறது. நீயும் ஒரு பொருளைக் கையில் எடுத்தால், அது உன் ஊருக்குள் எப்படி வந்தது என்று முதலில் கேட்டுப் பார்.

அக்கராயனிலிருந்து ஒரு விவசாயி: வயல் வரம்பில் மருந்துப் போத்தல் குவிஞ்சு கிடக்குது. பேரப்பிள்ளைகள் அதில் வெருளி செய்யப் போறம் என்கிறார்கள். விடலாமா?

விடாதீர்கள் ஐயா. களைநாசினி, பூச்சிநாசினிப் போத்தலைப் பிள்ளைகள் கையால் தொடவே கூடாது. கழுவினாலும் மூடியின் புரியிலும் அடியிலும் மருந்து தங்கும். நீங்கள் மருந்து கலக்கிற அன்றைக்கே போத்தலை மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரைத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி வயலுக்கு விசிறிவிடுங்கள். வாய்க்காலில் அலச வேண்டாம், அந்தத் தண்ணீர்தான் கீழே இருக்கிற கிணறுகளுக்கும் குளத்துக்கும் போகிறது. பிறகு போத்தலைத் துளைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு பரலுக்குள் சேர்த்து வையுங்கள்.

பேரப்பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கவும் வேண்டாம். யூரியா வந்த வெறும் உரப் பையை நன்றாகக் கழுவி, தையலைப் பிரித்து விரித்தால் நல்ல பெரிய படத்துணி. அதில் ஒவ்வொரு போகத்துக்கும் உங்கள் வயலுக்கு அடித்த போத்தல்களை நீங்கள் கணக்குச் சொல்ல, அவர்கள் எட்ட இருந்து பார்த்து வரையட்டும். பெரும்போகத்துக்கு ஒரு பை, சிறுபோகத்துக்கு ஒரு பை. கமக்காரர் அமைப்புக் கூட்டம் நடக்கிற மண்டபத்தில் அதைத் தொங்கவிடச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்து வயல்காரரும் தன்னுடைய கணக்கை வரையத் தொடங்கினால், கூட்டத்தில் மருந்தைப் பற்றிக் கதைக்க வேறு ஏற்பாடு தேவைப்படாது.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கிட்ட இருந்து ஒரு தொண்டர்: வைகாசிப் பொங்கலுக்கு வருகிற சனத்தால் வெறும் தண்ணீர்ப் போத்தல் மலையாகக் குவியுது. ஏதாவது உருவம் வைத்துப் போத்தலைச் சேர்க்கலாமா?

நல்ல யோசனை. கம்பி வலையில் பெரிய உருவம் கட்டி, முதுகில் வாய் வைத்து, போகிறவர்கள் போத்தலைப் போட்டுவிட்டுப் போகச் செய்யலாம். நேரம் போகப் போக உருவம் நிரம்புவதைச் சனங்கள் கண்ணால் காண்பார்கள். ஆனால் அம்மன், சிலம்பு, பொங்கல் பானை ஒன்றையும் குப்பையில் செய்ய வேண்டாம். கும்பிடுகிற மனதை நோகடித்துவிட்டு விழிப்புணர்வு பேச முடியாது. இறால் செய்யுங்கள். நந்திக்கடல் களப்பு பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே பிடிக்கிற இறாலை எல்லோருக்கும் தெரியும், போத்தல் மிதந்து போய்ச் சேருவதும் அங்கேதான். கடல் தண்ணீர் எடுத்து வந்து விளக்கெரிக்கிற கோயில் அது. அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னால் கேட்காத அடியார் இருக்க மாட்டார்.

கோயில் வீதிக்கு வெளியே, பஸ் நிற்கிற பக்கம் வையுங்கள். பொங்கலுக்கு முன்னரே பிரதேச சபையோடு கதைத்து, அடுத்த நாள் காலையில் வண்டி வரும் என்று உறுதி வாங்குங்கள். வண்டி வராமல் இறால் ஒரு கிழமை நாய் இழுக்கக் கிடந்தால் வைத்ததில் பிரயோசனம் இல்லை. தண்ணீர்ப் பந்தல்களில் செம்பும் ரம்ளரும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். சிலையைவிட அதுதான் போத்தலைக் கூடக் குறைக்கும்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர்: ஒரு சிலைக்குள் சில கிலோ பிளாஸ்டிக்தானே போகும்? 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து கடலில் கொட்டியதோடு பார்த்தால் இது எம்மாத்திரம்?

கணக்குச் சரி. கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய அந்தக் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணிகள் இருந்தன. ஒரு பள்ளிக்கூட யானைக்குள் போவது ஒரு உரப் பை. குப்பையின் நிறையைக் குறைக்கத்தான் சிலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் 1,680 தொன் என்றால் என்ன என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. குறுணி எவ்வளவு சின்னது என்று காட்ட அரிசியை எடுத்தேன். ஒரு சுண்டு அரிசியை மணலில் கொட்டிக் கலந்து, ஒரு மணி ஒரு மணியாகப் பொறுக்கி எடுங்கள் என்றேன். அரைமணித்தியாலத்தில் கை ஓய்ந்து, “இதை எப்படி ரீச்சர் கடலில் பொறுக்கினவை?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டும், அதற்குத்தான் கலை. நீங்கள் பொறியியல் படிக்கிறீர்களா, விவசாயமா என்று எழுதவில்லை. எதுவானாலும் நிறையைக் குறைக்கிற வேலை உங்களுடையது. அதைக் கேட்டு நெருக்குகிற சனத்தை உண்டாக்குகிற வேலையை நாங்கள் பார்க்கிறோம். இரண்டும் வேண்டும்.

மாங்குளத்திலிருந்து ஒரு வாசகர்: இந்தியாவில் யாரோ உடைந்த வளையலில் தோட்டம் கட்டினார்களாமே?

நேக் சந்த். சண்டிகரில் வீதிப் பரிசோதகராக இருந்தவர். நகரம் கட்ட உடைத்த ஊர்களின் கழிவையும், உடைந்த வளையல், பீங்கான், ஓடு எல்லாவற்றையும் சேர்த்து 1957 அளவில் காட்டுக்குள் இரகசியமாகச் சிலை செய்யத் தொடங்கினார். அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடிக்கவிடாமல் பொதுமக்கள் நின்றார்கள். 1976இல் திறந்தார்கள், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

நெடுங்கேணியிலிருந்து ஓர் ஆசிரியை: செய்த உருவத்தை வெளியிலேயே விடலாமா? மாரி மழைக்குத் தாங்குமா?

மழைக்குத் தாங்கும், வெயிலுக்குத்தான் தாங்காது. பங்குனி, சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் நொய்ந்து, விரலால் தொட்டால் பொடியாக உதிரும். அந்தப் பொடியைப் பிறகு மண்ணிலிருந்து எடுக்கவே முடியாது. அதனால் வைக்கிற நாளிலேயே கழற்றுகிற நாளையும் பலகையில் எழுதிவிடுங்கள். பசை பாவிக்காமல் கம்பியால் கட்டினால் கழற்றுவது சுகம். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கிற தண்ணீர்ப் போத்தலை வேறாகவும், 2, 5 என்று இருக்கிற மூடி, கோப்பைகளை வேறாகவும் பிரித்துப் பழைய போத்தல் எடுப்பவரிடம் கொடுங்கள். உள்ளே வெள்ளி மினுங்குகிற பிஸ்கட் உறையை அவர் எடுக்கமாட்டார். அதை உரப் பையில் கட்டி நிழலில் வைத்து, அடுத்த வருடத்து உருவத்தின் வயிற்றுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.